முத்திரை குத்திய வெள்ளியும் காதுவழிக் கதைகளும்

பழங்காசு சேகரிப்போர் கூடும் இடங்களில் ஒருவகைக் காசைச் சுற்றி எப்போதும் சிறு கூட்டம் இருக்கும். உள்ளங்கையை நிறைக்கும் ஸ்பானிய வெள்ளி அது. அரசரின் கன்னத்திலோ கழுத்திலோ பிற்பாடு யாரோ குத்திய சிறு முத்திரை ஒன்று பதிந்திருக்கும். காட்டுகிறவர் குரலைத் தாழ்த்தி, "மெக்ஸிகோ புரட்சிக்காரர் காசு" என்பார். கேட்கிறவர் உடனே விலையை விசாரிப்பார். நடுவில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஒருவர் சொன்னதை அடுத்தவர் சொல்ல, அது விற்பனைப் பட்டியலில் ஏறி, அங்கிருந்து கைப்பேசிச் செய்தியாகி, கடைசியில் வரலாறாகவே நிலைத்துவிடுகிறது.

முதலில் பின்னணி. நியூ ஸ்பெயின் என்று அழைக்கப்பட்ட இன்றைய மெக்ஸிகோவில் விடுதலைப் போர் 1810 செப்டம்பர் 16 அன்று தொலோரெஸ் என்ற ஊரில் பாதிரியார் மிகேல் இதால்கோவின் அறைகூவலோடு தொடங்கியது. 1821 செப்டம்பர் 27 அன்று விடுதலைப் படை மெக்ஸிகோ நகரத்துக்குள் நுழைந்ததோடு முடிந்தது. போருக்கு முன்வரை அந்தப் பெரிய நாட்டுக்கு நாணயச்சாலை ஒன்றே ஒன்று. 1535இல் மெக்ஸிகோ நகரத்தில் நிறுவப்பட்ட அந்தச் சாலையில் அச்சான எட்டு ரியால் காசு சுமார் 27 கிராம் எடை கொண்டது. ஏறத்தாழ தொண்ணூறு விழுக்காடு வெள்ளி. சீனாவிலிருந்து சென்னை வரை வணிகர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய பணம் அது. போர் குலைத்தது இந்த ஒற்றைச் சாலை ஏற்பாட்டைத்தான். அந்தக் குலைவிலிருந்து பிறந்தவையே முத்திரைகள். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே வரும் நம்பிக்கைகளில் பாதி தாமாகவே உதிர்ந்துவிடும்.

"முத்திரை விழுந்த காசு என்றால் அது கலகக்காரர் காசு"

மிகப் பரவலான தவறு இது. போரிட்ட இரு தரப்பும் முத்திரை குத்தின. வடக்கே சிவாவா நகரில் அரசுத் தரப்பு திறந்த தற்காலிக நாணயச்சாலையில், மெக்ஸிகோ நகரக் காசையே மாதிரியாக வைத்து வார்ப்புக் காசு செய்தார்கள். அந்தக் காசின் முன்புறத்தில் இடப்பக்கம் 'டி' என்ற எழுத்து இருக்கும். அரசுப் பொருளாளர் பெற்றுக்கொண்டதற்கு அது அடையாளம். வலப்பக்கம் மகுடம் சூடிய இரு தூண்களும் அவற்றின் அடியில் ஒரு மாதுளம்பழமும் இருக்கும். அது கணக்கு மேலாளரின் குறி. இதைவிடப் பச்சையான அரசாங்க முத்திரை இருக்க முடியாது. எல்.சி.எம். என்ற மூன்று எழுத்தை 'இராணுவத் தலைமையகம்' என்று விரிப்பது வழக்கம். அதுவும் அரசுப் படையின் முத்திரையே.

மறுபுறம் பாருங்கள். 1811 ஆகஸ்டில் இக்னாசியோ லோபெஸ் ராயோன் சித்தாகுவாரோவில் உயர்மட்ட ஆட்சிக் குழுவை அமைத்தார். அந்தக் குழு வெளியிட்ட எட்டு ரியால் காசில் பாலத்தின் மேல் கள்ளிச்செடியும் கழுகும் இருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த வாசகமோ, 'இறையருளால் ஏழாம் ஃபெர்தினாந்து' என்ற ஸ்பானிய மன்னரின் பெயர்! மன்னரை 1808இல் நெப்போலியன் சிறைவைத்திருந்தார். அவர் பெயரால் போராடுவதாகவே கிளர்ச்சியாளரில் பலர் அப்போது சொல்லிவந்தனர். மன்னர் பெயரை உதறிவிட்டு முழு விடுதலையை அறிவித்தது 1813 நவம்பர் 6 அன்றுதான். ஆக, மன்னர் பெயர் இருந்தால் அரசுக் காசு, முத்திரை இருந்தால் கலகக் காசு என்ற எளிய பிரிவினை எந்தப் பக்கமும் நிற்காது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். அரசுத் தரப்பின் முத்திரையும் கிளர்ச்சித் தரப்பின் முத்திரையும் ஒரே காசில் அருகருகே பதிந்திருப்பதுண்டு. சிவாவா வார்ப்புக் காசுகளிலும் அந்தக் காலத்தின் பிற கரடுமுரடான காசுகளிலும் இது சகஜம். சக்காதேகாஸ் நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1810 நவம்பருக்கும் 1811 மே மாதத்துக்கும் இடையில் அது பலமுறை கைமாறியது. 1811 ஏப்ரலில் ராயோன் பிடித்தார், சில வாரங்களில் அரசுப் படை மீட்டது. ஊர் கைமாறியபோதும் சந்தை நடந்தாக வேண்டும். கோதுமை விற்கிறவருக்குக் காசு யார் கட்சி என்பது கவலையில்லை. நாளை வேறொருவர் அதை வாங்கிக்கொள்வாரா என்பதே கவலை. முத்திரை அந்தக் கவலைக்குச் சொன்ன பதில். நம் அலுவலகங்களில் நகலின் மேல் பச்சை மையில் சான்றொப்பம் இடுகிறார்களே, அதன் வேலை எதுவோ அதுவே இதன் வேலையும். ஒப்பமிட்டவர் யார் என்று அது சொல்லும். சான்றிதழ் யாருடையது என்று சொல்லாது.

இந்தத் தவறு ஏன் சாகாமல் இருக்கிறது? புரட்சி என்ற சொல் விற்கிறது. கணக்கு மேலாளர் என்ற சொல் விற்பதில்லை. விலை கொடுத்து வாங்கியவரும் தான் வாங்கியது வீரக் கதை என்றே நம்ப விரும்புகிறார்.

"வெள்ளி தீர்ந்துபோனதால்தான் பழைய காசுக்கே முத்திரை குத்தினார்கள்"

கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது, உண்மை நேர்மாறு. மெக்ஸிகோ நகரச் சாலையில் 1809இல் அச்சானது சுமார் 2 கோடியே 60 லட்சம் பெசோ. 1810இல் அது 1 கோடியே 90 லட்சமாகவும், 1811இல் 1 கோடியாகவும், 1812இல் வெறும் 44 லட்சமாகவும் சரிந்தது. இந்த எண்களைக் காட்டி, "பார்த்தீர்களா, வெள்ளி இல்லை" என்பார்கள். இந்த எண்கள் காட்டுவது தலைநகருக்கு வந்துசேர்ந்த வெள்ளியை. சுரங்க ஊர்களில் கட்டிகள் முடங்கிக் கிடந்தன.

வெள்ளி தலைநகருக்குப் போக வேண்டுமானால் கோவேறு கழுதைகளின் நீண்ட வரிசையில், படைக்காவலோடு போக வேண்டும். சிவாவாவிலிருந்து வழி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். இடையில் வழி கிளர்ச்சியாளர் கையில். எனவே வெட்டிய வெள்ளி வெட்டிய இடத்திலேயே தங்கியது. சுரங்கக்காரரிடம் கட்டி இருந்தது, கூலி கொடுக்கக் காசு இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் சக்காதேகாஸ், சிவாவா, சொம்ப்ரெரேத்தே, தூராங்கோ, குவாதலஹாரா, குவானாஹுவாத்தோ என்று அடுத்தடுத்து தற்காலிக நாணயச்சாலைகள் திறக்கப்பட்டன. சுரங்கங்களும் அடிபட்டன என்பது உண்மையே: ஆட்கள் சிதறினார்கள், குழிகளில் நீர் நிறைந்தது, தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கத் தேவையான பாதரசம் கடல்கடந்து வருவது தடைப்பட்டது. ஆனால் முத்திரை பிறந்த காரணம் வெள்ளிப் பஞ்சம் அல்ல. பல சாலைகள், பல அச்சுகள், பல கைத்தரங்கள் என்று பணம் ஒரே நாளில் பலமுகம் கொண்டதே காரணம். முகம் தெரியாத காசுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

"முத்திரை குத்தினார்கள் என்றால் அது மட்ட வெள்ளி, அல்லது கள்ளக்காசு"

முதலில் பார்த்த தவறு காசைப் புகழ்ந்து ஏமாற்றியது. இது இகழ்ந்து ஏமாற்றுகிறது. சிவாவா வார்ப்பைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் முகம் சுளிப்பது இயல்பு. பரப்பு மணல் தூவியதுபோல் பொரிந்திருக்கும். அரசரின் மூக்கும் தலையின் இலைமாலையும் மழுங்கியிருக்கும். எழுத்துகளின் ஓரம் கரைந்திருக்கும். மெக்ஸிகோ நகரக் காசின் கூர்மையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கள்ளக்காசாகத்தான் தெரியும். ஆனால் அதைச் செய்தது அரசாங்கம். அச்சடிக்கும் எந்திரம் கைவசம் இல்லாததால் வார்த்தார்கள். பிற்பாடு, 1814 வாக்கில் அச்சுக்கருவி வந்ததும், அதே வார்ப்புக் காசுகளின் மேலேயே புதிய அச்சை அடித்தார்கள்.

சில தற்காலிகக் காசுகளின் மாற்று குறைவாகவே இருந்தது. மாற்றுப் பார்க்கும் கைதேர்ந்தவர் எல்லா ஊரிலும் இல்லை. அதனால் ஓர் ஊரின் காசு அடுத்த மாகாணத்தில் வட்டம் பிடிக்காமல் செல்லாது என்ற நிலை வந்தது. ஆனால் முத்திரை அந்தக் குறையை அறிவிக்கும் குறி அல்ல. "இதை இங்கே வாங்கலாம்" என்ற அனுமதி அது. மட்டம் என்று கண்ட காசுக்கு எந்த அதிகாரி தன் பெயரைக் கொடுப்பார்? போருக்கு முன் மெக்ஸிகோ நகரத்தில் அச்சான பழுதற்ற காசுகளிலும் அதே முத்திரைகள் இருப்பதே இதற்குப் போதிய சான்று.

இந்த நம்பிக்கையின் விலை கொஞ்சநஞ்சமல்ல. அவலட்சணமான காசை வெள்ளிக்கடையில் எடைக்குப் போட்டு உருக்கிவிடுகிறோம். பார்க்க லட்சணமாக இருக்கும் நேற்றைய போலியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம்.

"முத்திரை விழுந்ததும் காசின் மதிப்பு கூடிவிட்டது"

இரண்டு வேறு கதைகளைப் பிசைந்து உண்டாக்கிய குழப்பம் இது. தெற்கே படை நடத்திய பாதிரியார் ஹோசே மரியா மொரேலோஸ் 1811 ஜூலையிலிருந்து செம்புக் காசு வெளியிட்டார். ஒருபுறம் வில்லும் அம்பும், அடியில் தெற்கு என்று பொருள்படும் 'சுத்'. மறுபுறம் எழுத்துக் குறி, மதிப்பு, ஆண்டு. எட்டு ரியால் என்று எழுதிய அந்தச் செம்பின் உலோக மதிப்பு எட்டு ரியாலுக்குப் பக்கத்தில்கூட வராது. வெற்றி கிடைத்ததும் அதற்கு ஈடாக வெள்ளியோ பொன்னோ தரப்படும் என்பது வாக்குறுதி. அதாவது அது உலோகத்தில் எழுதிய கடன்சீட்டு. மொரேலோஸ் 1815 நவம்பரில் பிடிபட்டு டிசம்பர் 22 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். வாக்குறுதியும் அதோடு போயிற்று.

வெள்ளிக் காசின் முத்திரைக்கு அப்படி ஒரு வாக்குறுதி தேவைப்படவில்லை. எட்டு ரியால் என்று எழுதிய காசில் எட்டு ரியாலுக்கான வெள்ளி பெரும்பாலும் ஏற்கெனவே இருந்தது. முத்திரை அதை ஒன்பதாக்கவில்லை. எட்டு ரியாலுக்கே வாங்கலாம் என்று சொன்னது, அவ்வளவே. மதிப்பை உயர்த்துவது ஒன்று, ஏற்பை உறுதிசெய்வது வேறு. இந்த வேறுபாடு புரியாதவர்களே "முத்திரை மூலம் மக்களை ஏமாற்றிப் பணம் பண்ணினார்கள்" என்று ஒருபுறமும், "முத்திரையாலேயே போரை நடத்தினார்கள்" என்று மறுபுறமும் எழுதுகிறார்கள். அடையாளக் காசு கிளர்ச்சியாளரின் தனி உத்தி என்பதும் சரியல்ல. சில்லறைத் தட்டுப்பாட்டைத் தாங்க முடியாமல் அரசுத் தரப்பின் மெக்ஸிகோ நகரச் சாலையே 1814இல் செம்புச் சில்லறை அடித்தது.

"ஒவ்வொரு முத்திரைக்குப் பின்னாலும் பெயர் தெரிந்த ஒரு தளபதி உண்டு"

சில முத்திரைகளுக்கு இது உண்மை. 'வில்யா' என்றும் 'கிரான்' என்றும் இரு வரியாகப் பிளந்து எழுதிய முத்திரை, உய்ச்சாபான் பகுதியில் போரிட்டு 1813இல் கொல்லப்பட்ட ஹூலியான் வில்யாகிரானுடையது. கிளர்ச்சித் தலைவர் ஒசோர்னோவின் பெயர் கொண்ட முத்திரைக்கும் இதேபோல் உறுதி உண்டு. இந்த இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு எஞ்சிய எல்லாவற்றுக்கும் ஆள் தேடுவதுதான் வினை.

சொம்ப்ரெரேத்தே காசில் 'வார்காஸ்' என்ற பெயர் பெரிதாக இருக்கும். "யார் இந்தத் தளபதி வார்காஸ்?" என்று கேட்டுப் புரட்சிக் கதை கட்டுகிறவர்கள் அதே காசின் விளிம்பில் இருக்கும் வாசகத்தைப் படிப்பதில்லை: சொம்ப்ரெரேத்தே அரசுக் கருவூலம் என்று அதுவே சொல்கிறது. எல்.சி.வி. என்பது வெராக்ரூஸ் கருவூலத்தைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. அங்கே தளபதியே இல்லை, குமாஸ்தாக்கள்தாம். மொரேலோஸின் கூட்டெழுத்து முத்திரையும் ஒரே வகையன்று. வட்டத்துக்குள் மேலும் கீழும் நட்சத்திரம் வைத்தது ஒன்று, நீள்வட்டத்தில் புள்ளி வைத்தது ஒன்று, செவ்வகத்தில் அடைத்தது ஒன்று. பல ஊர்களில், பல கைகளில் இருந்த கருவிகள் அவை. எனவே "மொரேலோஸ் தம் கையால் குத்தியது" என்ற பேச்சு வெறும் மெருகு.

இரண்டு மூன்று எழுத்துகள் மட்டும் உள்ள முத்திரைக்கு, அதை ஆணையிட்ட காகிதம் கிடைக்காதவரை, விரிவு என்பது ஊகமே. நாணய ஆய்வாளர் ஆல்பெர்தோ ஃபிரான்சிஸ்கோ பிரதேயாவின் 1938ஆம் ஆண்டு நூல் போன்ற உழைப்புகள் இந்தத் துறையைக் கட்டியெழுப்பின. அவற்றிலிருந்து பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, பெயரின் முன்னால் இருந்த 'இருக்கலாம்' என்ற சொல்லை உதறிவிடுவது பிற்காலத்தவர் பழக்கம். நம் நாட்டுக் கல்வெட்டு ஊகங்களுக்கும் இதே கதி நேர்வதை நாம் பார்த்துவருகிறோம். ஊகத்தை ஊகம் என்று சொல்ல வெட்கப்படும் சமூகம் உண்மையையும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகும்.

"காசில் இருக்கும் ஆண்டுதான் முத்திரை குத்திய ஆண்டு"

1798 என்று எழுதிய காசைக் காட்டி, "போருக்கு முன்பே இரகசிய இயக்கம் இருந்தது" என்று வாதிடுகிறவர்களும் உண்டு. காசு அச்சாகும் நாள் வேறு, முத்திரை விழும் நாள் வேறு. வெள்ளிக் காசு பதினைந்து, இருபது ஆண்டு கை மாறுவது அன்று இயல்பு. 1812இல் ஒருவர் மடியில் 1798ஆம் ஆண்டுக் காசு இருந்ததில் வியப்பில்லை. ஆண்டு நமக்குத் தரும் முடிவு ஒன்றுதான்: முத்திரை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. இந்த ஒரு முடிவே வலுவானது. 1818 என்று எழுதிய காசில் மொரேலோஸ் முத்திரை இருக்குமானால், மூன்று ஆண்டுக்கு முன் இறந்தவரின் கருவியை யார் எடுத்துக் குத்தினார்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விற்பவரிடம் பதில் இராது.

அரசரின் முகத்தை வைத்துக் காலம் சொல்வதிலும் எச்சரிக்கை தேவை. 1808இல் ஃபெர்தினாந்து அரியணை ஏறியபோது அவர் முகம் எப்படி இருக்கும் என்று மெக்ஸிகோ நகரச் செதுக்குநருக்குத் தெரியாது. கவசம் பூண்ட கற்பனை முகம் ஒன்றைச் செதுக்கி 1811 வரை அடித்தார்கள். பிறகே முகம் மாறியது. வார்ப்புக் காசுகளோ எந்தக் காசை அச்சாக எடுத்தார்களோ அதன் முகத்தையே பெற்றன.

"ஸ்பானிய வெள்ளியின் மேல் எந்தக் குத்து இருந்தாலும் அது இந்தப் போரின் குத்து"

இந்த வெள்ளி உலகம் சுற்றியது. போன இடமெல்லாம் அடிபட்டது. சீன வணிகர்களும் காசு மாற்றுவோரும் வெள்ளியைச் சோதித்துத் தத்தம் எழுத்துக் குறியைக் குத்தினார்கள். அத்தகைய குத்துகள் நெருக்கி விழுந்து அரசரின் முகமே காணாமற்போன காசுகள் ஏராளம். 1797இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து சில்லறைக்குத் திண்டாடி, மூன்றாம் ஜார்ஜின் சிறு தலையை நீள்வட்டத்தில் குத்தி ஸ்பானியக் காசைப் புழக்கத்தில் விட்டது. கள்ள முத்திரை பெருகவே அதே ஆண்டில் திரும்பப் பெற்றது. மெக்ஸிகோ விடுதலை பெற்ற பிறகு, 1828இல் மணிலாவில் ஸ்பானிய ஆட்சி, புதிய குடியரசுகளின் காசுகள் தம் விடுதலை வாசகங்களோடு அங்கே உலவக்கூடாது என்று அவற்றின் மேல் மன்னர் பெயரை அடித்தது. 1832 முதல் சிறிய முத்திரைக்கு மாறியது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1807-08 வாக்கில் சென்னை நாணயச்சாலை ஸ்பானிய டாலர் எனப்பட்ட எட்டு ரியால் காசுகளின் மேலேயே அரை வராகன் காசை அடித்தது. ஒருபுறம் கோபுரமும் நட்சத்திரங்களும், மறுபுறம் திருமாலின் உருவம். தமிழ், தெலுங்கு, பாரசீகம், ஆங்கிலம் என நான்கு எழுத்துகள். சில காசுகளைச் சாய்த்துப் பிடித்தால், புதிய அச்சின் அடியில் ஸ்பானிய அரசரின் பெயரில் நாலைந்து எழுத்துகள் இன்றும் தெரியும். இங்கே போரும் இல்லை, புரட்சியும் இல்லை. கிழக்கிந்தியக் கும்பினியாருக்குக் காசு தேவைப்பட்டது, கையில் இருந்த வெள்ளி அதுவாக இருந்தது. இத்தனை குத்துகளையும் ஒரே போரின் தலையில் கட்டுவது, அந்தக் காசு கடந்துவந்த வணிக உலகத்தையே மறுப்பதாகும். இந்தப் பெருங்கடல் வணிகத்தில் நம் துறைமுகங்கள் பெற்றிருந்த இடத்தையும் நாமே அழித்துவிடுகிறோம்.

"காசு அசல், ஆகவே முத்திரையும் அசல்"

ஏமாற்றுக்காரர்களுக்கு மிகவும் பிடித்த நம்பிக்கை இது. முத்திரையில்லாத பழைய எட்டு ரியால் காசு இன்றும் எளிதில் கிடைக்கும். போர்க்கால முத்திரை உள்ளது அதைவிடப் பல மடங்கு விலை போகும். இடையே உள்ள தூரம் ஒரு சிறிய எஃகுக் கருவியும் ஒரு சுத்தியல் அடியும். காசை நிறுத்துப் பார்த்தால் எடை சரியாக இருக்கும். உரைத்துப் பார்த்தால் வெள்ளி சரியாக இருக்கும். சரியாக இல்லாதது முத்திரை மட்டும்.

எனவே சோதனையைக் காசிலிருந்து முத்திரைக்கு நகர்த்த வேண்டும். உருப்பெருக்கி வைத்துப் பார்க்கும்போது மூன்று கேள்விகள். முதலாவது, தேய்மானம். முத்திரை விழுந்தபின் காசு புழங்கியிருந்தால் அதன் மேடுகளும் சுற்றியுள்ள பரப்பைப் போலவே மழுங்கியிருக்கும். காசு தேய்ந்திருக்க முத்திரையின் ஓரங்கள் மட்டும் கத்தி முனையாக நின்றால் சந்தேகப்பட வேண்டும். இரண்டாவது, குழியின் நிறம். இருநூறு ஆண்டுக் கறுப்பு குழிக்குள்ளும் படிந்திருக்கும். சுற்றிலும் கறுத்திருக்க உள்ளே மட்டும் வெள்ளி பளிச்சிட்டால், அல்லது சாயம் பூசியதுபோல் ஒரே சீராகக் கறுத்திருந்தால், அது அண்மைக் கைவேலை. மூன்றாவது, மறுபக்கம். அடி விழுந்த இடத்துக்கு நேர் பின்னால் உலோகம் சற்றே தட்டையாகியிருக்க வேண்டும். முத்திரையும் காசும் சேர்ந்தே வார்க்கப்பட்ட போலியில் இந்தத் தடம் இராது.

இத்தனைக்கும் போர்க்காலத்திலேயே வார்ப்புக் காசுகள் இருந்ததால், "வார்ப்பு என்றால் போலி" என்ற எளிய விதியும் இங்கே உதவாது. அதனால்தான் இந்தத் துறையில் செவிவழிச் செய்தி இவ்வளவு ஆபத்தானது. அரைகுறை விதி அசலைப் போலி என்றும் போலியை அசல் என்றும் ஒரே மூச்சில் சொல்லிவிடும்.

"தேய்த்துப் பளபளப்பாக்கினால் விலை கூடும்"

வெள்ளிக் குத்துவிளக்கைப் புளியும் விபூதியும் போட்டுத் துலக்கிப் பழகிய வீடுகள் நம்முடையவை. நல்ல பழக்கம்தான், விளக்குக்கு. காசில் அந்தக் கறுப்புதான் சாட்சி. முந்தைய பகுதியில் சொன்ன மூன்று சோதனைகளில் இரண்டு மேற்பரப்பை நம்பியவை. ஒருமுறை துலக்கியதும் தேய்மானமும் நிறமும் கலைந்துபோகும். அசல் முத்திரைகூடத் தன்னை அசல் என்று நிரூபிக்கும் வழியை இழக்கும். சேகரிப்போர் சந்தையிலும் துலக்கிய காசுக்கு விலை குறையுமே தவிர ஏறாது. பாட்டன் பெட்டியில் இருந்து கிடைத்த காசை முதல் நாளே பளிச்சென்று ஆக்கிப் படமெடுத்து அனுப்புகிறவர்கள், அதன் வாக்குமூலத்தை அழித்துவிட்டு அதன் மதிப்பை விசாரிக்கிறார்கள்.

இந்த நம்பிக்கைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான வேர் ஒன்றே: முத்திரையைக் கொடியாகப் பார்ப்பது. கொடி என்றால் கட்சி வேண்டும், தளபதி வேண்டும், தியாகம் வேண்டும், விலையும் வேண்டும். அந்தக் காசுகளின் உண்மையான வரலாற்றை நடத்தியவர்கள் பெரும்பாலும் கருவூலக் குமாஸ்தாக்கள், சுரங்கக் கூலிகள், கழுதை ஓட்டிகள், சந்தை வியாபாரிகள். அரசு உடைந்த ஊரில் எந்தப் பணத்தை நம்புவது என்று தினந்தோறும் முடிவெடுத்தவர்கள் அவர்களே. போரை இரண்டு கட்சிக் கதையாகச் சுருக்கும்போது முதலில் காணாமற்போவதும் அவர்களே.

இழப்பு அத்தோடு நிற்பதில்லை. பழங்காசுக்கு லட்சம் தருவதாகச் சொல்லி முன்பணம் பறிக்கும் மோசடி நம்மிடையே எவ்வளவு பெருகியது என்றால், தன் பெயரைச் சொல்லி அப்படிக் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. காசைப் படிக்கக் கற்காமல் கதையை மட்டும் கேட்டுப் பழகிய கூட்டமே இத்தகையவர்களுக்கு வயல்.

ஆகவே முத்திரைக் காசு ஒன்று கைக்கு வந்தால் வரிசை மாறாமல் பார்ப்போம். முதலில் எடையும் உலோகமும். அடுத்து அச்சா, வார்ப்பா. அடுத்து காசின் ஆண்டு. அதற்குப் பிறகே முத்திரை, அதன் தேய்மானம், அதன் மறுபக்கம். தளபதியின் பெயர் கடைசி. அதுவரை சொல்லப்படும் எந்தக் கதைக்கும் நாம் காது கொடுக்கலாம். பணம் கொடுக்கத் தேவையில்லை.